அப்பாவின் பெயரில் ஐந்து லட்சம்: யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: என் அப்பா சென்ற ஆண்டு ரத்தப் புற்றுநோயில் காலமானார். அவர் நினைவாக ஐந்து லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஏழை நோயாளிகளின் மருந்துக்குக் கொடு என்கிறார் அம்மா. சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவர்களுக்குக் கொடுக்க எனக்கு ஆசை. 'மனிதர்களை எலிகளாக்கவா பணம்?' என்று தம்பி சண்டை பிடிக்கிறான். என்ன செய்யட்டும், டாக்டர்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் தவறே இல்லை. ஆனால் மருந்துக்குக் கொடுக்கப் பலர் வருகிறார்கள். ஆய்வுக்குக் கொடுக்கத்தான் ஆளில்லை. எனவே நான் உங்கள் கட்சி.

முதலில் தம்பிக்கு. ரத்தப் புற்றுநோய்ச் சோதனையில் சிகிச்சையை நிறுத்திவிட்டு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுப்பதில்லை. நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகே தொடங்க முடியும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கும்; வேண்டாமென்றால் எந்த நாளும் விலகலாம். 1980-களில் நம் அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாடா மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸும் 'எம்.சி.பி. 841' என்ற சிகிச்சைத் திட்டத்தை முறையாக நடத்திப் பார்த்ததால்தான் இங்கே பல குழந்தைகள் பிழைத்தார்கள். ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து ஒருவகை ரத்தப் புற்றுநோயை அடக்கலாம் என்று காட்டியவர்களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் உண்டு.

புது மருந்தைச் சோதிக்க அதன் நிறுவனமே பணம் தரும். பழைய, மலிவான மருந்தின் அளவைக் குறைத்தால் பக்கவிளைவு குறையுமா என்று கேட்கும் மருத்துவருக்கு எந்த நிறுவனம் தரும்? விடை கிடைத்தால் விற்பனைதானே குறையும்!

அந்த மருத்துவருக்கு எது இல்லை தெரியுமா? கருவி அல்ல, கூட ஒரு ஆள். குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் என்ற ரத்தப் புற்றுநோய் வகையில், ஸ்டீராய்டு தொடங்கிய எட்டாம் நாள் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, மைக்ரோலிட்டருக்குப் பிளாஸ்ட் எனும் முதிராத புற்றுச் செல்கள் 1,000-க்குக் கீழே இறங்கினவா என்று பார்ப்பது வழக்கம். அந்த எட்டாம் நாள் பொங்கலன்று வந்தால்? மறுவாரம் எடுக்கும் ரத்தம் படிவத்தில் எட்டாம் நாளுக்கான கட்டத்தை நிரப்பாது. கோப்பில் அது வெறுமையாகவே கிடக்கும். மருத்துவரோ புறநோயாளிப் பிரிவில் கழுத்துவரை மூழ்கியிருப்பார். முந்தின நாளே வார்டுக்குப் போன் செய்து, ஊசியையும் தகட்டையும் எடுத்துவைக்கச் சொல்பவர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். வீட்டுக்குப் போன குடும்பம் திரும்பி வராவிட்டால் செய்யாறுக்கோ திண்டிவனத்துக்கோ பேசி வரவழைப்பவரும் அவரே. சிகிச்சை இரண்டாண்டுக்கும் மேல் இழுக்கும். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பஸ் காசுக்கும் ஒருநாள் கூலிக்கும் வழியின்றி நிற்பவர்கள்.

டியூப்லைட்டுக்குக்கூட 'உபயம்' எழுதும் ஊர் இது. ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது என்பதுதான் சிக்கல் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

காசோலையை மருத்துவர் பெயரில் எழுதாதீர்கள்; மருத்துவமனையின் ஆய்வுக் கணக்குக்கு எழுதி வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வாங்குங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அந்தச் சோதனையின் பதிவெண்ணைக் கேளுங்கள். 2009 முதல் இந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் படிக்கலாம். பதிவெண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிவு என்னவாக வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். அது தெரிந்தால் சோதனை எதற்கு?

பணத்தை ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கென்று மூன்றாண்டுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஓராண்டுப் பணத்தில் சேர்ந்தவர், வேலை பழகிய சமயம் பார்த்துச் சம்பளமின்றிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பணத்தில் ஒரு பங்கை மட்டும், சோதனையில் இருக்கும் நோயாளிகளின் பஸ் கட்டணத்துக்கு என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள். அம்மாவும் சம்மதிப்பார்.