பனிச்சரிவும் முந்திரிக்கொத்தும்

கேள்வி: 'ஃபோர்ஸ் மஜூர்' என்ற ஸ்வீடன் படம் பார்த்தோம். பனிச்சரிவைக் கண்டதும் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடும் அப்பன் கதை. "உயிர் பயத்தில் யாரானாலும் ஓடத்தான் செய்வான்" என்கிறார் என் கணவர். இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஓடினதற்கு அந்த மனைவி அவனை மன்னித்திருப்பாள் அம்மா. ஓடவே இல்லை என்று சாதிக்கிறானே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. (அவள் பெயர் எப்பா. நம்மூர்ப் பிள்ளைகள் அப்பனைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது, என்ன செய்ய!)

பிரான்ஸ் பக்கத்து ஆல்ப்ஸ் மலைக்கு ஐந்து நாள் விடுமுறை. திறந்த மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்மலையில் பனி சரிகிறது. வெடி வைத்து விடுதிக்காரர்களே சரிய விடுவதுதான், பயப்படாதே என்று சொல்லி அவள் புருஷன் டோமாஸ் செல்போனில் படம் பிடிக்கிறான். வெள்ளைப் புகை மேலே வந்ததும் போனையும் கையுறையையும் அள்ளிக்கொண்டு ஓட்டம். பிள்ளைகள் இரண்டும் எப்பா கையில். வந்தது வெறும் பனித்தூள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல உட்காருகிறான். கடைசியில் அந்தப் போனில் பதிவான படமே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இணையத்தில் பார்த்த ஒரு பனிச்சரிவு வீடியோவிலிருந்துதான் இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்டுக்கு இந்தக் காட்சி கிடைத்ததாம். 2014-இல் வந்த படம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. குளச்சலில் நண்பர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கிறிஸ்துமஸ் பலகாரமெல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். தெருவுக்கு வரவும், "கடல் வருது" என்று ஒரே சத்தம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்துதான் நான் நின்றேன். கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலம் இருந்தது. மனைவி இல்லை, ஆறு வயது மகளும் இல்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் யாரோ அவர்களை ஏற்றிவிட்டிருந்தார்கள். அன்று குளச்சலும் கொட்டில்பாடும் பறிகொடுத்த உயிர்களுக்கு முன்னால், ஏ.வி.எம். கால்வாயில் சிக்கிப் போனவர்களுக்கு முன்னால், இதெல்லாம் ஒரு கதையா என்று இத்தனை நாள் எழுதவில்லை.

"ஆள் கூப்பிடத்தான் ஓடினேன்" என்று மூன்று வருடம் சாதித்தேன். மனைவி மறுத்துப் பேசவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு மகள்தான் கேட்டாள்: "ஆள் கூப்பிட ஓடினவர் பலகாரத்தை எதுக்குப்பா கொண்டு போனீங்க?" அதற்குமேல் என்னத்தைச் சொல்ல? ஆமாம் மக்ளே, பயந்து ஓடிட்டேன் என்றேன். அவள் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி அவள் என்னிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டுக்காரரிடம், "நீங்க ஓடிட்டுத் திரும்பி வந்து என்ன சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அதே படத்தின் முடிவில் அந்த பஸ் காட்சி எதற்கு?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: மலையிறக்கத்தில் டிரைவருக்கு வளைவு ஒடிக்கத் தெரியவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தி முதல் ஆளாக இறங்குகிறவள் யார்? எப்பாதான். என் மனைவி இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தாயிற்று. இந்தக் கட்டம் வரும்போது மட்டும் அவளுக்கு அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும்.