குடியை விட்ட பிறகு திரும்பி வரும் சின்ன வயசு

கேள்வி: அண்ணே, எனக்கு 38 வயது. வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை. குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. சிகிச்சை எடுத்த இடத்தில் கவுன்சிலர், சின்ன வயசு ஞாபகங்களை எழுதச் சொன்னார். எழுத ஆரம்பித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. சம்பள நாள் ராத்திரிகளில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததெல்லாம் நேற்று நடந்த மாதிரி வருகிறது. அந்த அப்பா இப்போது பக்கவாதத்தில் என் வீட்டில்தான் படுத்திருக்கிறார். நான்தான் குளிப்பாட்டுகிறேன். ஆனால் அவரைவிட, எங்களையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துப்போன அம்மா மேல்தான் கோபம் அதிகம். தங்கையின் மூன்று பவுன் செயினை அடகு வைத்துக் குடித்தவன் நான். அவள் பேசி நாலு வருஷம் ஆகிறது. 'பழசைக் கிளறாதீங்க' என்கிறாள் மனைவி. கிளறலாமா, விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், வண்டிப்பெரியார்

பதில்: கிளறலாம் தம்பி. ஆனால் ராத்திரியில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம்.

நான் குடியை விட்டு 16 வருஷம் ஆகிறது. கம்பத்துக்காரன். அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். சாயங்காலம் ஜீப் தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். கியர் அமைதியாக விழுந்தால் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். கரகரவென்று கத்தினால் தம்பியை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓட வேண்டும். எட்டு வயதில் எங்களைக் காப்பாற்றிய வித்தை அது.

குடியை விட்ட பிறகுதான் தெரிந்தது, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த வித்தையை நான் விடவில்லை என்று. மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வேர்க்கும், குடிக்கத் தோன்றும். அவளுக்கு என் மேல் கோபமே இருக்காது, பாத்திரம் கனமாக இருந்திருக்கும். பாத்திரத்தையும் ஜீப்பையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பிறகுதான், 'இது அந்தப் பழைய சத்தம்டா' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. கவுன்சிலர் எழுதச் சொன்னது இதற்காகத்தான் இருக்கும்.

உங்களுக்கு அந்தச் சத்தம் சம்பள நாளாக இருக்கலாம். கேரளத்தில் ஒன்றாம் தேதி மதுக்கடை மூடியிருக்கும். குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தபோது, அன்றைக்கு மலையிறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் லோயர் கேம்ப், கூடலூர் என்று தேடிப்போனவர்களில் நானும் ஒருவன். அதனால் சம்பளம் வரும் நாளிலும் ஒன்றாம் தேதியிலும் நோட்டைத் தொட வேண்டாம். மற்ற நாளில் பகலில், சாப்பிட்ட பிறகு, அரை மணி நேரம் போதும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் குடி வாசலில் நிற்கிறது என்று ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு) கூட்டங்களில் சொல்வார்கள். உங்களிடம் இப்போது கோபமும் களைப்பும் இருக்கின்றன. முதலில் தூக்கம் போனதைக் கவுன்சிலரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அதுவரை எழுதுவதை நிறுத்தி வையுங்கள். குடிக்கவோ சாகவோ தோன்றினால் எந்த நேரமானாலும் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

அப்புறம், ஒரு நோட்டு போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் உங்களுக்கு நடந்தது. இன்னொன்றில் நீங்கள் செய்தது. அமெரிக்காவில் பெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் குடிகாரர் இருந்தது, அம்மா அடிபட்டது போன்ற சின்ன வயசுத் துன்பங்களில் நாலோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். உங்கள் கடிதத்திலேயே இரண்டு இருக்கிறது. இது முதல் நோட்டுக்கு. ஆனால் அதே லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்), அதே அப்பாவிடம்தானே உங்கள் தங்கையும் வளர்ந்தார்? செயின் இரண்டாவது நோட்டில்தான் வர வேண்டும். முதலாவதிலிருந்து ஒரு வரிகூட அதற்குச் சாக்காக அங்கே போகக் கூடாது. அந்தப் பெண் முதலில் அப்பாவின் குடியில் அடிபட்டார், அப்புறம் உங்கள் குடியில்.

அவரிடம் உடனே ஓடாதீர்கள். செய்த தவறுக்கு ஈடு செய்யச் சொல்லும் ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவதிலேயே, அதனால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ காயம் வருமென்றால் வேண்டாம் என்று இருக்கிறது. நம் பாரத்தை இறக்க அவர் வாசலில் போய் அழக் கூடாது. மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று பவுன் இன்றைய விலைக்குப் பல வருஷம் ஆகும், ஆகட்டும். யாராவது பெரியவர் மூலம், 'சேர்த்துக்கொண்டிருக்கிறான், பேசச் சொல்லிக் கேட்கவில்லை' என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அப்பாவைக் குளிப்பாட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மன்னித்தால்தான் குளிப்பாட்ட வேண்டும் என்றில்லை. கோபம் தலைக்கேறிய நாளில் மட்டும் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். எழுந்திருக்க முடியாத உடம்பு அது, உங்கள் கை அழுத்தினால் அவரால் தடுக்க முடியாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். லயத்து வீடு எஸ்டேட்டுடையது. வேலையை விட்டால் கூரையும் போகும். கொழுந்து கிள்ளும் கையோடு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே இறங்கியிருப்பார்? இதனால் உங்கள் கோபம் தப்பாகிவிடாது. காப்பாற்ற ஆள் வராத பிள்ளையின் கோபம் அது, நியாயமானது. ஆனால் 'ஏன் விட்டுட்டுப் போகல?' என்று கேட்காதீர்கள். அவர் வாயடைத்துப்போவார். 'அந்த ராத்திரி நாம என்னம்மா பண்ணோம்?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள்.

நான் அப்படிக் கேட்டபோது என் அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். நாங்கள் கொட்டகையில் ஒளிந்த ராத்திரிகளில் அம்மா உள்ளே தூங்கிவிட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்து வெளியே விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். நாங்கள் பயந்துவிடுவோம் என்று குரல் கொடுக்கவில்லையாம். அடுத்த மூச்சிலேயே, 'உங்கப்பா நல்ல மனுஷன்தாம்ப்பா' என்றார். முதலில் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டாவதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள் தம்பி. இதழில் போட வேண்டாம் என்றால் போடமாட்டேன்.