புவிவேதியியல்: படிப்பும் பணியும்

கேள்வி: வேதியியலில் இளநிலை முடிக்கப்போகிறேன், நிலவியல் படித்ததே இல்லை. முதுநிலையில் புவிவேதியியலுக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக மாறலாம். வெப்ப இயக்கவியலும் கரைசல் சமநிலையும் ஏற்கெனவே கைவசம் இருப்பதால், கனிமவியலையும் பாறையியலையும் முதலாண்டிலேயே ஈடுசெய்துகொள்ள முடியும். வேதியியலைத் தவிர்த்துக்கொண்டே வந்த நிலவியல் மாணவருக்குத்தான் இங்கே திண்டாட்டம் அதிகம்.

கேள்வி: கணிதம் எவ்வளவு வேண்டும்?

பதில்: வகைக்கெழுச் சமன்பாடுகளும் புள்ளியியலும் போதும். ஓரளவு நிரலாக்கம் தெரிந்திருப்பது நல்லது.

கேள்வி: ஆய்வகத்திலேயே காலம் கழிந்துவிடுமா?

பதில்: பெரும்பகுதி அங்கேதான் கழியும்; அதை அலுப்பான வேலை என்று எண்ணிவிட வேண்டாம். விண்கற்களிலுள்ள ஈய ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை) அளந்து, புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிறுவிய கிளேர் பேட்டர்சன், காற்றிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் மாதிரிகளில் கலந்த ஈயத்தை விலக்கவே பல ஆண்டுகள் போராடினார். அந்தப் போராட்டமே பின்னாளில் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு எதிராக அவரைப் பேசவைத்தது. களத்தில் கவனமின்றி எடுத்த மாதிரியை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது என்பதால், களப்பணியையும் நீங்களே செய்து பழக வேண்டும்.

கேள்வி: சுரங்க நிறுவனங்களைத் தவிர வேறு எங்கே வேலை கிடைக்கும்?

பதில்: கனிமத் தேடல் இன்றும் முக்கியமான களம்தான், ஓடை மணலிலும் மண்ணிலும் மிகச் சிறிய அளவில் உள்ள சுவடுத் தனிமங்களைக் கொண்டு புதைந்திருக்கும் தாதுவை ஊகிப்பது பழைய, பயனுள்ள கலை. ஆயினும் நிலத்தடி நீர், மாசுபட்ட நிலங்களின் சீரமைப்பு, அணுக்கழிவுகளைப் புதைத்தல், கார்பன் டை ஆக்சைடைப் பாறைக்குள் கனிமமாக்கிச் சேமித்தல் ஆகியவற்றுக்கும் இத்துறையினரே தேவைப்படுகிறார்கள். ஆர்சனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதை மீறியிருப்பதைப் பகுப்பாய்வாளர் எவரும் சொல்லிவிடுவார். கரிமப்பொருள் மிகுந்த படிவுகளில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு ஆக்சைடுகள் கரைவதையும், அவற்றின்மேல் ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் இறங்குவதையும் உணர்ந்து, அடுத்த கிணற்றை எந்த ஆழத்தில் தோண்டலாம் என்று சொல்பவருக்கே சம்பளம் தருகிறார்கள்.

கேள்வி: முனைவர் பட்டம் கட்டாயமா?

பதில்: பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் பொதுவாகத் தேவை, ஆலோசனை நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் முதுநிலையே போதும். சேர்வதற்கு முன், ஐசோடோப்புகளை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானி அந்தத் துறையிலேயே இருக்கிறதா, மாணவர்களை அதை இயக்க விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள்.