பழைய டொமைனிலிருந்து புதியதற்கு: லிங்க் உடையாமல் மாற்றுவது எப்படி?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக நடத்திவரும் தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றினேன். சுமார் 400 கட்டுரைகள் உள்ளன. பழைய டொமைனை வாங்கிய இடத்திலேயே ‘ஃபார்வர்டிங்’ என்றொரு வசதி இருந்தது, அதைப் போட்டுவிட்டேன். ஆனால் பழைய கட்டுரை லிங்க் எதைத் தட்டினாலும் புதிய தளத்தின் முகப்புதான் திறக்கிறது. சிலருக்கு ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்ற எச்சரிக்கையும் வருகிறதாம். எப்படிச் சரிசெய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். இரண்டையும் சரிசெய்துவிடலாம். ஆனால் லிங்க் பிரச்சினையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கட்டுரையைத் தேடி வந்தவரை முகப்பில் இறக்கிவிட்டால் அவர் அங்கே தேடிக்கொண்டிருக்க மாட்டார், திரும்பிப் போய்விடுவார். கூகுளும் இப்படி மொத்தமாக முகப்புக்குத் திருப்பிய பக்கங்களை ‘இல்லாத பக்கம்’ என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி நடந்தால் ஐந்து ஆண்டுகளில் அந்தக் கட்டுரைகள் சேர்த்த மதிப்பு புதிய முகவரிக்கு வந்து சேராது.

டொமைன் விற்கும் இடங்களில் கிடைக்கும் ஃபார்வர்டிங் பெரும்பாலும் எளிமையானது, எந்த லிங்க்கைத் தட்டினாலும் முகப்புக்கே அனுப்பும். சிலவற்றில் பாதையையும் (முகவரியில் டொமைனுக்குப் பின்னால் வரும் பகுதி) சேர்த்து அனுப்பும் தேர்வு இருக்கும், அதை முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பழைய டொமைனை உங்கள் சர்வருக்கே காட்டி, திருப்பிவிடும் வேலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவேடு) சி-நேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவை, மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஎன்எஸ் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும். பிரவுசரின் முகவரிப் பட்டையை மாற்றச் சொல்வது சர்வர் அனுப்பும் பதில்.

அந்தப் பதிலின் எண் 301 ஆக இருக்க வேண்டும். ‘நிரந்தரமாக மாறிவிட்டது’ என்று பொருள். 302 தற்காலிக மாற்றத்துக்கு உரியது. ஆனாலும் சோதிக்கும்போது 302 போட்டே சோதியுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். விதியில் தவறு இருந்து பிறகு திருத்தினாலும், ஏற்கெனவே வந்தவரின் பிரவுசர் சர்வரைக் கேட்காமலே பழைய தவறான இடத்துக்குப் போகலாம். எல்லாம் சரி என்று உறுதியான பிறகு 301-க்கு மாற்றுங்கள்.

விதி எழுதும்போது ஒரே ஒரு சாய்கோட்டில் கவனம் வேண்டும். உங்கள் சர்வர் மென்பொருள் அப்பாச்சி என்றால், அதன் ‘ரீடைரக்ட்’ கட்டளை, பொருந்திய பகுதிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே புதிய முகவரியோடு ஒட்டும். புதிய டொமைனின் முடிவில் சாய்கோடு போட மறந்தால், ‘புதியதளம்.காம்/பயணம்’ என்று வர வேண்டியது ‘புதியதளம்.காம்பயணம்’ ஆகிவிடும். அப்படியொரு தளமே கிடையாது. முகப்பு மட்டும் ஒழுங்காகத் திறக்கும் என்பதால் இந்தத் தவறு சட்டென்று கண்ணில் படாது.

இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் என்றால் ‘ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ’ என்ற மாறியைப் பயன்படுத்துங்கள். வெறும் ‘யூஆர்ஐ’ மாறியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளவை விடுபட்டுவிடும். கட்டுரை முகவரிகளைத் தமிழில் வைத்திருந்தால் அவற்றைத் தனியாகச் சோதியுங்கள். ‘அ’ என்ற ஒரு எழுத்தே முகவரியில் சதவீதக் குறிகளோடு 9 குறிகளாகப் போகிறது. திருப்பிய முகவரியில் சதவீதக் குறிக்குப் பின்னால் புதிதாக 25 முளைத்திருந்தால், ஏற்கெனவே மாற்றியதையே சர்வர் மறுபடி மாற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அந்த எச்சரிக்கை. எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) முகவரி என்றால் பிரவுசர் முதலில் பழைய டொமைனின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். அதற்குப் பிறகுதான் ‘அங்கே போ’ என்ற பதிலையே வாங்கும். ஆகவே பழைய டொமைனுக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள வடிவம், இல்லாத வடிவம் இரண்டுக்கும். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சேவையில் இலவசமாகவே கிடைக்கும். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

சோதிக்க பிரவுசரை நம்ப வேண்டாம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) கர்ல் கட்டளையால், சர்வர் பதிலின் தொடக்கத்தில் வரும் தலைப்பு வரிகளை மட்டும் கேளுங்கள். முதல் வரியில் 301, ‘லொகேஷன்’ வரியில் அந்தக் கட்டுரையின் முழுப் புதிய முகவரி, இரண்டும் இருக்க வேண்டும். பழைய எச்டிடிபியிலிருந்து பழைய எச்டிடிபிஎஸ், அங்கிருந்து புதியது, பிறகு அதன் டபிள்யூடபிள்யூடபிள்யூ வடிவம் என்று சங்கிலியாக நீண்டால், முடிந்தவரை ஒரே தாவலாகச் சுருக்குங்கள். முகப்பை விட்டுவிட்டு, உள்ளே ஆழத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து கட்டுரைகளையாவது இப்படிப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் இரண்டு டொமைன்களையும் சேர்த்து, முகவரி மாற்றக் கருவியில் தெரிவியுங்கள். தளத்துக்குள் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்குகளையும் புதிய முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பழைய டொமைனில் தேடுபொறிகளைத் தடுக்கும் கோப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளே வரவிடாமல் தடுத்தால், மாற்றம் அவற்றுக்குத் தெரியாமலே போகும்.

திருப்பிவிடுவதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என் ஆலோசனை, பணம் கட்ட முடிகிறவரை பழைய டொமைனை விடாதீர்கள். வேறு யாராவது வாங்கினால், உங்களை நம்பி மற்றவர்கள் கொடுத்த லிங்க் எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். அந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருந்தால் இன்னும் ஆபத்து, உங்களுக்கு வர வேண்டிய கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கூட அவருக்குப் போகலாம். இணையப் பக்கத்துக்கான விதிகள் மின்னஞ்சலைத் திருப்பாது. டிஎன்எஸ்ஸை மாற்றும்போது மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை அப்படியே விட்டு வையுங்கள்.