கிறிஸ்துமஸுக்கு மோட்டார்ஹோம்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். எங்களுக்கு 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இந்த டிசம்பரில் நாகர்கோவிலிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்போலோ பே கடற்கரையில் மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதி உள்ள வண்டி) கிறிஸ்துமஸ் கொண்டாட ஆசை. ஆறு பேர் படுக்கும் வண்டிக்கு 8 இரவு வாடகை 3,600 டாலர். வண்டியை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் இரவுக்கு 110 டாலர் தனி. இவ்வளவு கொடுப்பதற்குப் பதில் வீட்டுக் கடனிலிருந்து 80,000 டாலர் எடுத்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறேன். மனைவி தயங்குகிறார்.

பதில்: உங்கள் மனைவி தயங்குவது நியாயம்தான். வாடகைக்கே எடுங்கள்.

80,000 டாலரை 6% வட்டியில் 25 வருட வீட்டுக் கடனோடு சேர்த்தால் மாதத் தவணை சுமார் 515 டாலர் கூடும். வருடத்துக்கு 6,180. நீங்கள் சொன்ன வாடகையும் பார்க் கட்டணமும் சேர்ந்தே 4,480தான். 25 வருடத்தில் வட்டி மட்டும் 74,000க்கு மேல் போகும். வண்டி அதுவரை ஓடாது. ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், சர்வீஸ், நிறுத்த இடம் எல்லாம் இதற்கு மேல். சொந்த வண்டி என்றாலும் பார்க் கட்டணம் கட்டத்தான் வேண்டும். அப்போலோ பேக்குப் போகும் கடற்கரைச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டில் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்து, வருடத்தில் எத்தனை இரவு அதில் தூங்குவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வாடகையில் நான் அதிகம் கவலைப்படுவது எக்ஸஸ் பற்றித்தான். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை அது. மோட்டார்ஹோமுக்குப் பல ஆயிரம் டாலர் இருக்கும். கூடுதல் பணம் கட்டி அதைக் குறைத்தாலும், கூரையிலும் வண்டியின் அடிப்பாகத்திலும் ஏற்படும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் சேர்ப்பதில்லை. மெல்பர்னில் மாண்டேகு தெருப் பாலத்தின் உயரம் வெறும் 3 மீட்டர். எத்தனை லாரிகள் அதில் இடித்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஆறு பேர் படுக்கும் வண்டி பெரும்பாலும் அதைவிட உயரம். வண்டியின் உயரத்தைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்தது, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பது. 2015இல் கிறிஸ்துமஸ் அன்றே லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் நடுவில் உள்ள வை ரிவர், செபரேஷன் கிரீக் ஊர்களில் காட்டுத்தீ 116 வீடுகளை எரித்தது. யாரும் சாகவில்லை, ஆனால் விடுமுறைக்கு வந்தவர்கள் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. தீ எச்சரிக்கையால் சாலையை மூடினால் என்ன தருவீர்கள் என்று வண்டி வாடகைக்குத் தருபவரிடமும் பார்க்கிலும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அப்பா அம்மாவை எங்கே படுக்கவைப்பீர்கள்? ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். இன்னொன்றுக்குத் தினமும் சாப்பாட்டு மேசையை மடித்து விரிக்க வேண்டும். நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்தால் எல்லோரும் எழ வேண்டியதுதான். நாலு பேர் வண்டி ஒன்று, அதே பார்க்கில் அவர்களுக்கு ஒரு கேபின் என்று விலை கேட்டுப் பாருங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் அதையே நான் விரும்புவேன். ஆனால் ஒரே வண்டியில் எல்லோரும் போக முடியாது. உங்கள் காரும் கூட வர வேண்டும். சின்னவனுக்கு 7 வயது ஆகாததால் சட்டப்படி குழந்தை இருக்கை கட்டாயம். அதை எந்த சீட்டில் பொருத்தலாம் என்பதையும் கேளுங்கள்.

பணத்துக்கு, லீவ் நாள் சம்பளத்தோடு கூடுதலாகத் தரும் 17.5% லீவ் லோடிங் வருகிறதென்றால் அதை முதலில் ஒதுக்குங்கள். மீதியை மாதாமாதம் வீட்டுக் கடனோடு இணைந்த ஆஃப்செட் சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தால், செலவாகும் நாள் வரை வீட்டுக் கடன் வட்டியும் குறையும்.

போய்வந்த பிறகும் வாங்கும் ஆசை விடவில்லையா? சரி, ரொக்கம் சேர்த்து வாங்குங்கள். வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டின் தளத்தில் 2 டாலர் கட்டித் தேடுங்கள். ஜன்னல் ஓரத்துச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் தண்ணீர் இறங்கியிருக்கிறது; அந்த வண்டி வேண்டாம்.