மரத்தில் கட்டும் ரெக்கார்டர்: கேள்வி பதில்

ஆம்பூரிலிருந்து: அண்ணா, பறவைக் குரலைத் தானாகப் பதியும் ஆடியோமாத் கருவி வாங்கிட்டேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்க நிலத்தில் கட்டப்போறேன். என்ன செட்டிங்?

தம்பி, பறவைக்குப் பதிவு வேகம் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது, தாராளம். மணிக்கு ஏறக்குறைய 345 எம்பி பிடிக்கும். காலை 5 முதல் 8, மாலை 5 முதல் 7 என்று வைத்தால் 32 ஜிபி கார்டு 18 நாள் தாங்கும். மாலையை விட்டுவிடாதீர்கள், குளிர்காலத்தில் வந்து தங்கும் ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கூப்பிடும். கிளை உரசாத, உச்சி வெயில் படாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், நேரம்! உள்ளூர் நேரத்துக்கு மாற்றாவிட்டால் அது உலகப் பொது நேரத்தில் ஓடும். நீங்கள் வைத்த 5 மணிக்கு நம் ஊரில் 10:30 ஆகியிருக்கும். விடியல் முழுக்கப் போச்சு.

ராணிப்பேட்டை: பைபாஸ் இரைச்சல் தாங்கலை. 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியைப் பதியாமலே வெட்டிடலாமா சார்?

வெட்டாதீர்கள். செம்பகமும் கொம்பன் ஆந்தையும் அதற்குக் கீழேதான் குரல் கொடுக்கும். பிறகு கணினியில் வடிகட்டிக்கொள்ளலாம்; பதியாமல் விட்டது திரும்பாது.

அரக்கோணம்: மொபைலே போதாதா?

நீங்கள் கூடவே நின்றால் போதும். ஆள் நிற்க முடியாத நேரத்துக்குத்தான் இது.

குடியாத்தம்: மாந்தோப்பில் வைத்தேன். இருட்டு விலகும் முன்பே வல்லூறு வல்லூறு என்று, குரலை வைத்துப் பறவை பெயர் சொல்லும் பேர்ட்நெட் மென்பொருள் வரிசையாகக் காட்டுது. மதிப்பெண் 0.9!

அந்த இடத்தை நீங்களே கேட்டீர்களா? கருக்கலிலேயே குரல் எழுப்பும் பறவை கரிச்சான், நம் ரெட்டைவால் குருவி. வல்லூறு மாதிரியே கத்தும். மைனாக்களை அப்படி விரட்டிவிட்டு இரையைப் பறித்துக்கொள்ளும். பேர்ட்நெட் மூன்று மூன்று நொடியாக நறுக்கித்தான் பார்க்கிறது. நீங்கள் முன்னும் பின்னும் அரை நிமிஷம் கேளுங்கள். அதே தொண்டையிலிருந்து கரகரப்பு வந்தால் கரிச்சான்தான்.

வாணியம்பாடி: 0.9 என்றால் 90 சதவீதம் சரி என்றுதானே அர்த்தம்?

இல்லை. அது நிகழ்தகவே அல்ல. ஒவ்வொரு பறவைக்கும் சில பதிவுகளைக் காதால் கேட்டுச் சரிபார்த்த பிறகே எந்த மதிப்பெண்ணை நம்பலாம் என்று தெரியும்.

குடியாத்தம் மறுபடி: ஆனால் எங்க தோப்பில் வல்லூறைக் கண்ணால் பார்த்திருக்கேன் சார்.

பார்த்திருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. தோப்பில் வல்லூறு இருப்பது வேறு, இந்தப் பதிவில் கத்தியது வல்லூறு என்பது வேறு. கேட்காமல் பட்டியலில் ஏற்றினால் அடுத்து ஆய்வு செய்பவரும் அதை நம்பிவிடுவார். தயவுசெய்து கேளுங்கள்.

திருப்பத்தூர்: மொபைல் ஆப் போதாதா?

அரக்கோணத்துக்குச் சொன்ன பதிலேதான்.

காட்பாடி: பேட்டரி மாற்றினால் ஏதாவது பார்க்கணுமா?

நேரம். திரும்ப வையுங்கள்.

ஆற்காடு: பதிந்த குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

கூடாது. கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டான் என்று முட்டையை விட்டுவிட்டு ஓடிவரும்.

வேலூர்: அமிர்தி காட்டில் கட்டலாமா?

வனத்துறை அனுமதியில்லாமல் கூடாது. சொந்தத் தோப்பானாலும் வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். அவர்கள் பேச்சும் அதில் பதியும்.