வாசகர் கேள்வி – பதில்: ஆளில்லா மலைக்குடிலில் ஓர் இரவு

கேள்வி: அக்டோபர் கடைசியில் சுவிஸ் ஆல்ப்ஸில், 3000 மீட்டர் உயரக் குடிலில் நானும் நண்பரும் ஓர் இரவு தங்கப் போகிறோம். பொறுப்பாளர் கீழே இறங்கியிருப்பார், 'வின்டர்ரௌம்' மட்டும் திறந்திருக்கும் என்கிறார்கள். அங்கே என்ன இருக்கும்? – வாசகர், பேர்ன்

பதில்: வின்டர்ரௌம் என்பது குளிர்கால அறை. குடிலை மூடிப்போகும்போது, வருகிறவர்களுக்காகத் திறந்து விடப்படும் பகுதி அது. பொதுவாக மெத்தைகள், கம்பளிப் போர்வைகள், விறகடுப்பு, கோடரி, சில பாத்திரங்கள் இருக்கும். குழாயில் தண்ணீர் வராது. உணவு கிடைக்காது, விளக்கையும் நம்ப முடியாது. உள்ளே நுழைந்து படுக்க மெல்லிய துணி உறை (போர்வைகளைத் துவைக்க அங்கே ஆளில்லை), தலைவிளக்கு, தீப்பெட்டி, கேஸ் அடுப்பு, இரண்டு நாள் உணவு ஆகியவை உங்கள் பையில் இருக்க வேண்டும். ஒரு நாள் கூடுதல் உணவு, பனிப்புயலில் சிக்கினால் தேவைப்படும். பல குடில்களில் குளிர்கால அறைக்கும் முன்பதிவு உண்டு. சிலவற்றுக்குச் சாவியை ஊரிலேயே வாங்கிப்போக வேண்டும். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, குடில் பதிவேட்டில் பெயர், தேதி, அடுத்து போகும் வழி மூன்றையும் எழுதுவது. நீங்கள் திரும்பாவிட்டால் மீட்புக் குழு முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

கேள்வி: தண்ணீருக்குப் பனியை உருக்க எவ்வளவு கேஸ் தேவை? சோறு வேகுமா?

பதில்: பனியை உருக்க மட்டும் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கேஸ் செலவாகும், கொதிக்கவும் வைத்தால் 30 கிராம். இருவருக்கு ஓர் இரவும் மறுநாள் காலையும் சேர்த்து ஆறேழு லிட்டர் வேண்டும். ஆக 230 கிராம் கேன் ஒன்று அனேகமாகத் தீர்ந்துவிடும், இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். கேனில் உள்ள பியூட்டேன், கடுங்குளிரில் சரியாக ஆவியாகாது. புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த குளிர்காலக் கேன் வாங்குங்கள். இரவில் அதைப் போர்வைக்குள் வையுங்கள்.

பாத்திரத்தில் வெறும் பனியைப் போட்டு ஏற்றினால் அடி தீய்ந்து தண்ணீரில் தீய்ந்த வாடை அடிக்கும். இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைப் போடுங்கள். புதுப்பனி வெறும் காற்று. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து லிட்டர் பனி கேட்கும். கழிப்பறையிலிருந்து வெகு தூரம் தள்ளி, இறுகிய பழைய பனியைத் தோண்டி எடுப்பது நல்லது.

3000 மீட்டரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, புழுங்கலரிசி கேஸைத்தான் தின்னும். வறுத்த ரவை, அவல், கூஸ்கூஸ், நூடுல்ஸ் எடுத்துப் போங்கள். ரவையைத் தாளித்து வறுத்து, உப்புச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனால், கொதிநீர் ஊற்றியதும் உப்புமா தயார்.

கேள்வி: இரவில் தலைவலி வந்தால் உயரத்தால் வந்தது என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. இதை வாசகர்கள் எல்லோருமே கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். உயர நோயும் கார்பன் மோனாக்சைடு நஞ்சும் ஒரே முகத்தோடு வருகின்றன: தலைவலி, குமட்டல், சோர்வு. இந்த வாயுவுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடி, உள்ளே கேஸ் அடுப்பில் பனி உருக்கும்போது அது சேர்கிறது. அகலப் பாத்திரம் தீயை அமுக்கினாலும், புகைபோக்கியைப் பனி அடைத்தாலும் நிலைமை மோசமாகும். சுடர் மஞ்சளாகத் தெரிந்தாலே எச்சரிக்கை.

அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் வாயுவைச் சந்தேகியுங்கள். அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து, வெளியே நின்று மூச்சு விடுங்கள். சிறிது நேரத்தில் தெளிந்தால் பெரும்பாலும் அதுதான். உடனே எல்லோரும் மீண்டும் உள்ளே போய்ப் படுத்துவிட வேண்டாம், அறை நன்றாகக் காற்றாடட்டும். உயரத் தலைவலி வெளியே நின்றதும் போகாது. வழக்கமாக வந்துசேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைகாட்டும். தெளியாவிட்டால் எதுவென்று யோசித்துக் காலம் கடத்தாமல் உதவி கேளுங்கள். நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டவைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருந்தே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கீழே இறக்க வேண்டும். வழி ஆபத்தானால் மீட்புக் குழுவை அழையுங்கள்: ரேகா (சுவிஸ் வான்வழி மீட்புச் சேவை) 1414, வாலே மாநிலத்தில் 144, ஐரோப்பா முழுவதும் 112. சிக்னல் இல்லையென்றால் விளக்கால் நிமிடத்துக்கு ஆறு முறை சைகை, ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு.

எப்போதும் ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். புகைபோக்கியின் உச்சியை வெளியே போய்ப் பார்த்த பிறகே விறகைப் பற்றவையுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறிய மோனாக்சைடு எச்சரிப்பான் பையில் இருந்தால் மிக நல்லது.

கேள்வி: கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: தீ முழுவதும் அணைந்ததா பாருங்கள். அடுத்து வருபவர் நடுங்கிக்கொண்டு வருவார், அவருக்காகச் சிறாய்களைப் பிளந்து வையுங்கள். போர்வையை மடித்து, குப்பை முழுவதையும் கீழே கொண்டுபோய், கட்டணத்தைச் செலுத்துங்கள். ஜன்னல் மரக்கதவுகளைக் கொக்கியிட்டு மூடுங்கள். ஒன்று திறந்து கிடந்தாலும் அடுத்த புயலில் மெத்தைகள் பனிக்குள் புதைந்துபோகும்.

கேள்வி: மாட்டர்ஹார்னின் சோல்வே குடிலில் இப்படித் தங்கலாமா? – வாசகர், சூரிச்

பதில்: தங்கக் கூடாது. 4003 மீட்டரில் உள்ள அந்தப் பத்துப் படுக்கைக் குடில் அவசரத்துக்கு மட்டும், முன்பதிவு கிடையாது. மோன்பிளாங்கில் 4362 மீட்டரில் உள்ள வலோ குடிலும் அப்படியே. புயலோ காயமோ உங்களை நிறுத்தினால் ஒதுங்கலாம். ஏற்றத்தை இரண்டு நாளாகப் பிரிக்கும் திட்டத்தில் அவற்றைச் சேர்த்தால், உண்மையிலேயே அடிபட்டு வருபவருக்கு இடமிருக்காது.